அன்றைக்கு வந்த பேப்பர்

அக்டோபர் 29, வியாழன்

காலைப் பை மாற்றும்போது அறையில் இருந்தவர்கள்: அவர், நான். பக்கத்து வீட்டு ஜமீலா கதவுக்கு வெளியே நின்றாள், உள்ளே வரவில்லை. வேறு யாரும் இல்லை. சன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறியை நிறுத்த வேண்டியிருக்கவில்லை, நேற்றிலிருந்து கரண்டே கிடையாது.

யார் யார் இருந்தார்கள் என்று முதல் வரியில் எழுதச் சொன்னது டாக்டரம்மா. "உள்ள யாரு வந்தா, யாரு தும்முனா, எல்லாத்தையும் எழுது. நாளைக்கு நான் கேட்டா முழிக்கக் கூடாது" என்பார்.

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோனதிலிருந்து நான்தான் இதைச் செய்கிறேன். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக மருந்துநீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் ஊறவைத்து, உடம்பின் அழுக்கோடு வெளியே இறக்க வேண்டும். தினம் நாலு தடவை. உள்ளே போனது இரண்டு லிட்டர். வெளியே வந்தது இரண்டே கால். நல்ல கணக்கு.

நேற்று விடியற்காலை ஆஸ்பத்திரி வளைவில் மலை இறங்கிவிட்டது. தூக்கத்தில் லாரி ஏறுகிற சத்தம் என்றுதான் நினைத்தேன். இப்போது ரோடு இல்லை, போன் டவர் இல்லை. ஆஸ்பத்திரி சரிவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதையும் பூட்டி, நோயாளிகளை எல்லாம் கோயம்புத்தூருக்கு இறக்கிவிட்டார்களாம். டாக்டர்கள் குடியிருந்த மூன்று வீடுகளும் நின்ற இடத்தில் சேறு இருக்கிறது என்கிறார்கள். டாக்டரம்மா வீடு நடு வீடு.

காணவில்லை என்றுதான் சொல்கிறார்கள். மாதக் கடைசியில் கோயம்புத்தூரில் அவருக்குக் கூட்டம் இருக்கும். முந்தின நாளே போயிருக்கலாம்.

இறக்கிய பையை அச்சடித்த காகிதத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் உள்ள எழுத்து தெரிந்தால் நல்லது. கலங்கி எழுத்து மறைந்தால் வயிற்றுக்குள் கிருமி போய்விட்டது என்று அர்த்தம். "அன்னைக்கு வந்த பேப்பர எடுத்து வச்சுப் படிச்சுப் பாரு. தெரியலையா, அடுத்த நிமிஷம் எனக்குப் போன் பண்ணு" என்று சொல்லியிருக்கிறார். இன்று பேப்பர் வரவில்லை. பழைய பேப்பர்கள் ஈர விறகைப் பற்றவைத்தே தீர்ந்துவிட்டன. செபப்புத்தகத்தில் நோயாளிகளுக்கான செபத்தைத் திறந்து அதன்மேல் பையை வைத்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க முடிந்தது. இதுவே நல்லதாகப் பட்டது. சோதித்த மாதிரியும் ஆயிற்று, செபித்த மாதிரியும் ஆயிற்று.

அரிசி இருக்கிறது. மண்ணெண்ணெய் இருக்கிறது. மருந்துநீர்ப் பைகள் மாதக் கணக்குக்கு வாங்கிவைத்தது இருக்கிறது. மாதாவே, மழையை நிறுத்து.

அக்டோபர் 30, வெள்ளி

இருந்தவர்கள்: அவர், நான்.

லைன்மேன் கென்னடி வந்தார். இடுப்புவரை சேறு. அறுந்த கம்பிகளைப் பார்ப்பதற்காகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிவைத் தாண்டிப் போய்வருகிற ஒரே ஆள் இப்போதைக்கு அவர்தான்.

"அக்கா, உங்க வீட்டுப் பின்னாடி மேட்டுல வெடிப்பு ஒண்ணு தெரியுது. பள்ளிக்கூடத்துல கேம்ப் போட்டிருக்காங்க. அண்ணனக் கூட்டிக்கிட்டு அங்க போயிடுங்க."

"அங்க எத்தனை பேரு தம்பி?"

"ஒரே ஹாலுதான். ஊரே இருக்கு. ஆடு, நாய், எல்லாம்."

"ஆட்டுக்குப் பக்கத்துல உக்காத்தி வச்சு இவரு வயித்துக் குழாயத் திறக்கச் சொல்றீங்களா?"

உள்ளே படுத்திருந்தவர் குரல் கொடுத்தார்: "ஆட்டுக்கு ஒண்ணும் ஆகாது கென்னடி, தைரியமா இருக்கச் சொல்லு!"

கென்னடி சிரித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "அக்கா, டாக்டரம்மா விஷயம்..." என்று தொடங்கினார். அடுப்பில் டீ பொங்குகிறது என்று நான் உள்ளே வந்துவிட்டேன். நிஜமாகவே பொங்கிக்கொண்டுதான் இருந்தது. திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வெடிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. விரல் நுழையும். கை நுழையாது.

மழை அடிக்கும்போதுகூடப் பயமில்லை. அது கொஞ்சம் ஓய்ந்தால்தான் மேட்டில் கற்கள் உருளுவது கேட்கிறது. அப்போது நான் டாக்டரம்மா பயிற்சி கொடுத்த நாட்களை நினைத்துக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மீதியை மளிகைப் பொட்டலத்திலும் செபப்புத்தகத்திலும் நானாகவே படித்தேன். அதைச் சொல்லி, "என்னால முடியாதும்மா" என்று அழுதேன். டாக்டரம்மா இரக்கப்படவில்லை.

"அமலோற்பவம், நர்ஸுங்க மூணு வருஷம் படிக்கிறத நீ பத்து நாள்ல படிக்கணும். அழறதுக்கு நேரம் கிடையாது. அப்புறம் கண்ணத் துடைப்ப, துடைச்ச கைய மறுபடி முழங்கை வரைக்கும் கழுவணும். சோப்பு உன் காசா, ஆஸ்பத்திரி காசா?"

மூன்று தடவை சோதித்து மூன்று தடவையும் திருப்பி அனுப்பினார். குழாயின் மூடியைத் திறந்த பிறகு மூச்சுவிட்டேன் என்று ஒரு தடவை. முந்தானை உரசியது என்று ஒரு தடவை. மூன்றாவது தடவை எதற்கென்றே சொல்லவில்லை. "நீயே யோசி" என்றார். வீட்டுக்கு வந்து யோசித்தேன். கண்ணாடி வளையல். மறுநாள் கழற்றிவைத்துவிட்டுப் போனேன். பார்த்தார், தலையை ஆட்டினார், இனி வீட்டிலேயே செய்துகொள் என்று அனுப்பினார். அவர் என்னைப் பாராட்டியது அந்தத் தலையாட்டல் ஒன்றுதான்.

மாலைப் பை: படிக்க முடிந்தது.

அக்டோபர் 31, சனி

இருந்தவர்கள்: அவர், நான். நாள் முழுக்க மழை. படிக்க முடிந்தது. காலையில் ஒரு இட்லி போதும் என்றார். வெளியே வந்தது இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. குழாய் மடங்கியிருந்திருக்கும்.

நவம்பர் 1, ஞாயிறு

இருந்தவர்கள்: அவர், நான்.

பூசைக்குப் போகவில்லை. அவருக்கு வயிற்றைப் பிடிக்கிறது என்றார். நேற்று ஜமீலா கொடுத்த வர்க்கியில் டால்டா அதிகம். அவளும் அவள் புருஷனும் விறகு அடுப்பில் பேக்கரி நடத்துகிறார்கள். இருக்கிற மைதாவை வைத்து ஊருக்கே வர்க்கி போட்டுக் கொடுக்கிறாள். நல்ல மனசுதான். ஆனால் இவர் வயிற்றுக்கு ஆகாது. ஓமத் தண்ணீர் கொடுத்தேன், அளவு எழுதிக்கொண்டேன்.

பையில் வெள்ளை நூல் போல ஒன்று மிதந்தது. எப்போதாவது அப்படி வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். செபத்தைப் படித்தேன். முழுதும் படிக்க முடிந்தது. நின்றுகொண்டு ஒரு தடவை, முழந்தாள் போட்டு ஒரு தடவை.

"என்ன, ரெண்டு தடவ படிக்கிற?" என்று கேட்டார்.

"பக்திதான்."

"உன் டாக்டரம்மா திட்டும்போதுகூட எனக்குப் பயம் வந்ததில்ல அமலி. நீ பேசாம இருந்தாத்தான் வயித்தக் கலக்குது."

டீ ஃபாக்டரியில் முப்பது வருஷம் உலர்த்தும் மெஷினில் நின்றவர். வெக்கையில் சிரித்துப் பழகியவர். இன்று சிரிக்கும்போது வயிற்றில் கையை வைத்துக்கொண்டார்.

பின்பக்க வெடிப்பில் இப்போது கை நுழைகிறது.

நவம்பர் 2, திங்கள்

இருந்தவர்கள்: அவர், நான்.

இன்று கல்லறைத் திருநாள். மாமனார், மாமியார் கல்லறைக்கு மெழுகுதிரி வைக்கவில்லை என்று இருக்கக்கூடாது. ஜமீலாவை வாசலில் உட்காரச் சொல்லிவிட்டுக் குடையோடு போனேன். பாதிக் கல்லறைகள் தண்ணீருக்குள். சாமியார் இந்த வருடம் இறந்தவர்கள் பெயர்களை வாசித்தார். கூட்டம் ஒவ்வொரு பெயருக்கும் மன்றாடியது. கடைசியில், "நம் சபையைச் சேராதவரானாலும் நம் எல்லோருக்கும் உழைத்த டாக்டர் சுகிர்தம்" என்றார்.

அந்தப் பெயருக்கு நான் மன்றாடவில்லை. காணாமல் போனவரை இறந்தவர் பட்டியலில் சேர்க்கச் சாமியாருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பக்கத்தில் நின்ற கென்னடி ஒரு மெழுகுதிரியை என்னிடம் நீட்டினார். வாங்கவில்லை. இரண்டு கல்லறைக்கு இரண்டு கொண்டுபோனேன், இரண்டும் ஏற்றினேன், வந்துவிட்டேன்.

ஜமீலா கேட்டாள்: "எல்லாருக்கும் வச்சியா அக்கா?"

"வைக்க வேண்டியவங்களுக்கு வச்சேன்."

அவள் எதையோ சொல்ல வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானத்துக்கு மேல் அவருக்கு நடுக்கம். ஈரக் காற்று. இரண்டு கம்பளி போர்த்தினேன். வெளியே வந்தது ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல். படிக்க முடிந்தது. படிக்க முடிந்தது என்றுதான் எழுத வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு சொல்லையும் படித்தேன்.

நவம்பர் 3, செவ்வாய்

இருந்தவர்கள்: அவர், நான்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலைப் பையை இறக்கி, சமையலறைச் சன்னலுக்குக் கொண்டுவந்து, செபப்புத்தகத்தின் மேல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். வர்க்கிப் பொட்டலத்தோடு ஜமீலா பின்வாசலில் வந்து நின்றாள்.

"என்னக்கா, அரிசி களஞ்ச தண்ணிய வச்சுக்கிட்டு ஓதிக்கிட்டிருக்க?"

"அரிசித் தண்ணி இல்லடி. அவரோட பை. எழுத்து தெரியுதான்னு பாக்குறேன்."

"தெரியுதா?"

"தெரியுதே. கேளு." முதல் நாலு வரியை வாசித்துக் காட்டினேன்.

ஜமீலா எட்டிப் பார்த்தாள். இன்னும் குனிந்தாள். "எனக்கு ஒரு எழுத்தும் தெரியலையே!"

"உனக்குக் கண்ணு மங்கிடுச்சு. அடுப்புப் புகை."

"மாவுல எறும்பு ஊர்றது தெரியிது, இது தெரியாதா? அக்கா, அந்தச் செபம் நீ தூக்கத்துலயே சொல்றதுதானே? போன வருஷம் பல்லு புடுங்குனப்போ வாய்ல பஞ்சோட சொன்னியே. கண்ண மூடிக்க. இப்பச் சொல்லு பாப்போம்."

மூடினேன். சொன்னேன். ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

கண்ணைத் திறந்தபோது ஜமீலாவின் முகத்தில் கேலி இல்லை.

அவள் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கி, வர்க்கியைத் தட்டில் கொட்டிவிட்டு, சுற்றியிருந்த பேப்பரை விரித்தேன். "அக்கா, அது வேணாம், வேற பேப்பர் தர்றேன்" என்றாள். அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று அப்போது எனக்குப் படவில்லை. பையைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.

வெறும் வெள்ளை. கொட்டை எழுத்தில் தலைப்பு ஒன்று இருப்பது மட்டும் நிழலாகத் தெரிந்தது. அது என்னவென்று தெரியவில்லை. நான் படிக்காத பேப்பர், நான் அறியாத சொற்கள். எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஓர் எழுத்தைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

பையை நகர்த்தினேன். அடியில் இருந்தது டாக்டரம்மா படம். பழைய படம், கண்ணாடி போடாதது. மூன்று நாளைக்கு முந்தின பேப்பர். உடலை மீட்டுச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெயர், வயசு, படிப்பு எல்லாம் சரியாகப் போட்டிருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"கென்னடி வெள்ளிக்கிழமையே சொல்லிடுச்சு. பேப்பரும் அதுதான் கொண்டாந்துச்சு. உங்கிட்ட யாருக்கா சொல்றது? சொல்ல வந்தா டீ பொங்குதுன்னு ஓடுற." ஜமீலா அழுதாள். "கைக்குக் கிடைச்சத எடுத்து மடிச்சேன். பாத்து மடிக்கல அக்கா, அல்லா மேல சத்தியம்."

எனக்கு அழுகை வரவில்லை. பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்னைக்கு வந்த பேப்பர், அன்னைக்கு வந்த பேப்பர் என்று டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் சொன்னது, வீட்டில் எப்போதும் கைக்குக் கிடைக்கிறது என்பதற்காக என்று நினைத்திருந்தேன். தெரிந்த சொல்லைக் கண் ஏமாற்றிப் படித்துவிடும் என்றுதான் புதுப் பேப்பரைச் சொன்னாரா? இல்லை, சும்மா சொன்னதா? இனி கேட்க முடியாது. நாலு நாளாகக் கலங்கியிருக்கிறது. நாலு நாளாகப் படிக்க முடிந்தது என்று எழுதியிருக்கிறேன். நூலைப் பார்த்தேன், அளவு குறைந்ததைப் பார்த்தேன், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

உள்ளே போய் அவர் வயிற்றைத் தொட்டேன். முரசுத் தோல் மாதிரி இருந்தது. விரலை எடுத்தபோது, "அமலி!" என்று கத்தினார். அவர் என்னிடம் கத்தியதே இல்லை.

மத்தியானம்

அலமாரியில் வெள்ளைப் பொடி போட்ட இரண்டு குப்பிகள் இருக்கின்றன. போன மழைக்காலத்தில் டாக்டரம்மா கொடுத்தது. "கலங்குனா இதத்தான் பைக்குள்ள கலந்து உள்ள விடணும்" என்று ஒரு தடவை செய்து காட்டினார். அதோடு விரலை நீட்டி, "நான் போன்ல சொல்லாம தொட்ட, தொலைச்சிடுவேன். ஒவ்வொரு ஆளுக்கு ஒவ்வொரு அளவு" என்றார்.

குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். செபம் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. பயத்தில் வரவில்லையா, அந்தச் செபத்தின்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டதா என்று தெரியவில்லை. செபத்தின்மேல் தப்பில்லை. நான் அதை எதற்கு வைத்தேன் என்பதில்தான் தப்பு.

அவரைக் கேட்டேன். "என்னங்க, மருந்து இருக்கு. அளவு தெரியாது. டாக்டரம்மா சொல்லாம தொடக் கூடாதுன்னாங்க. டாக்டரம்மா..."

"தெரியும் அமலி. கென்னடி சன்னல் வழியா சொல்லிட்டான். நீயா சொல்றவரைக்கும் இருக்கட்டும்னு விட்டேன்."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

"போடட்டுமா?"

"அந்தம்மா உனக்கு எதுக்குப் பத்து நாள் செலவழிச்சுது? போடு."

வளையலைக் கழற்றினேன். முழங்கை வரை கழுவினேன். முந்தானையைச் செருகினேன். முகத்துணி கட்டினேன். ஒரு குப்பி முழுவதையும் கரைத்து, ஊசியால் எடுத்து, பையில் ஏற்றி, உள்ளே விட்டேன். அன்று காட்டியபடியே. அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு வீங்குகிறதா, தடிப்பு வருகிறதா, மூச்சு இழுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பின்னால் மேட்டில் ஏதோ பெரிதாக விழுந்தது. எழுந்து பார்க்கவில்லை.

நவம்பர் 4, புதன்

இருந்தவர்கள்: அவர், நான், ஜமீலா. ஜமீலா முகத்துணி கட்டியிருந்தாள்.

கென்னடி வந்துவிட்டார். கீழே எழுதியதை நல்ல தாளில் நகல் எடுத்து அவரிடம் கொடுக்கிறேன். சரிவின் மறுபக்கத்தில் ராணுவ வண்டி நிற்கிறதாம். மத்தியானத்துக்குள் கோயம்புத்தூர் போய்விடும் என்கிறார்.

சிறுநீரகப் பிரிவு டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. என் கணவர் சூசைநாதன், வயது 58, வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் சுகிர்தம். அவர் மண்சரிவில் இறந்துவிட்டார்.

பை கலங்கி ஐந்து நாள் ஆகிறது. நான் நேற்றுத்தான் கண்டுபிடித்தேன். நேற்று மத்தியானம், யாரும் சொல்லாமல், ஒரு குப்பி மருந்தைக் கலந்து உள்ளே விட்டேன். மருந்தின் பெயர் தெரிவதற்காகக் காலிப் பெட்டியை இதோடு கட்டியிருக்கிறேன். நேற்றுக் காலை இறக்கிய கலங்கல் பையையும் மூடி, பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்புகிறேன். சோதிக்க வேண்டுமானால் சோதியுங்கள். அவர் எடை 52 கிலோ. ஒவ்வாமை எதுவும் வரவில்லை. காய்ச்சல் இருக்கிறது. வயிறு நேற்றைவிடக் கொஞ்சம் இளகியிருப்பதாக அவர் சொல்கிறார். என்னைத் தேற்றுவதற்காகவும் சொல்லக்கூடியவர்.

இன்று காலைப் பையைப் புதிய பேப்பரில் வைத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் படிக்கச் சொன்னேன். தலைப்பு தெரிகிறது, சின்ன எழுத்து தெரியவில்லை என்கிறாள். என் கண்ணை நான் நம்பவில்லை, அதனால் அவள் சொன்னதை எழுதுகிறேன்.

மீதி இருப்பது ஒரே ஒரு குப்பி. அதை இன்று போடுவதா, நாளைக்கா? முழுதுமா, பாதியா? வேறு மருந்து வேண்டுமானால் இந்த ஆளிடமே கொடுத்தனுப்புங்கள், அவர் நம்பிக்கையானவர். கயிறு கட்டி நாற்காலியில் வைத்து என் கணவரைச் சரிவைத் தாண்டிக் கொண்டுவரலாமா என்றும் சொல்லுங்கள். நாலு பேர் தூக்கத் தயாராக இருக்கிறார்கள். வரலாம் என்றால் கொண்டுவந்துவிடுகிறோம். கூடாது என்றால் நான் இங்கேயே பார்த்துக்கொள்கிறேன். எனக்குச் செய்யத் தெரியும். எவ்வளவு என்பதுதான் தெரியாது.

இந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதினால் போதும். தமிழில் எழுதுங்கள். தயவுசெய்து இன்றைக்கே பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சூ. அமலோற்பவம்